முதல் தொலைநோக்கி வாங்குமுன்

வானத்தை அறிய விரும்பும் பிள்ளை தொலைநோக்கி கேட்பது இயல்பு. அது நல்ல ஆசையே. ஆயினும், பால்மரத்திலும் செம்பனையிலும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கும் கருவி பயனற்றதாய் அமைந்துவிட்டால் இரண்டு நட்டங்கள் நேரும். பணம் போவது ஒன்று. வானத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பிள்ளையின் ஆர்வம் அணைந்து போவது மற்றொன்று. பின்னதே பெரிய நட்டம். ஆதலின், வாங்குமுன் அறிய வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

பெட்டியின் மேலுள்ள எண்

மலிவான தொலைநோக்கிகள் பலவற்றின் பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் கண்டு மயங்கலாகாது. தொலைநோக்கியின் முதற்பணி பெரிதாக்குவது அன்று, ஒளியைத் திரட்டுவதே. இருளில் நம் கண்பாவையின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லை அதைவிட 10 மடங்கு அகலமானது. பரப்பளவிலோ 100 மடங்கு. எனவே அது 100 மடங்கு ஒளியைத் திரட்டும். ஆகையால், கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது முகப்பு வில்லையின் விட்டத்தையே.

விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பதே உருப்பெருக்கத்தின் எல்லை. 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120 மடங்கு. அதற்கு மேல் உருவம் பெருக்கும், தெளிவு குன்றும்.

உருப்பெருக்கத்தை நீங்களே கணக்கிடலாம். முகப்பு வில்லையின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். 900-ஐ 25-ஆல் வகுத்தால் 36 மடங்கு. 10-ஆல் வகுத்தால் 90 மடங்கு. நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் காண இவை போதும். கலிலியோ 1610-ஆம் ஆண்டில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டதும் ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கிய கருவியால்தான்.

தாங்கியின் உறுதி

90 மடங்கு பெரிதாக்கும் கருவி, நடுக்கத்தையும் 90 மடங்கு பெரிதாக்கும். மெலிந்த கால்களையுடைய தாங்கி காற்றசைவுக்கே ஆடும். கடையிலேயே குழாயை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிகளில் ஆட்டம் நிற்காவிடில் அதை வாங்க வேண்டா.

துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்தப்படும் தாங்கி ஒன்றும் கடைகளில் உண்டு. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1 முதல் 7 பாகைக்குள் இருப்பதால், அந்நட்சத்திரம் இங்கு அடிவானத்தை ஒட்டியே நிற்கும். மரங்களும் மூட்டமும் அதை மறைத்துவிடும். ஆதலால் மேல் கீழாகவும் இட வலமாகவும் திரும்பும் எளிய தாங்கியே தொடக்க நிலையினர்க்கு ஏற்றது.

அதற்கும் முன்னர்

முதற் கருவி கண்ணே. கார்த்திகை, உரோகிணி, திருவாதிரை, சித்திரை, கேட்டை என்று தாத்தா பாட்டிமார் கூறும் பெயர்கள் வானத்தில் எவை என்று அடையாளம் காணப் பழகுங்கள். பின்னர், பைனாகுலர் எனப்படும் இருகண் நோக்கி ஒன்று கிடைத்தால் நன்று. 7 மடங்கு பெருக்கி, 50 மில்லிமீட்டர் வில்லை கொண்டது போதும். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்களாய்த் தோன்றும் கார்த்திகைக் கூட்டத்தில் அது பல மீன்களைக் காட்டும். இத்தனையும் கண்ட பின்னும் ஆர்வம் குறையாத பிள்ளைக்கே தொலைநோக்கி தேவை.

பாதுகாப்பு

சூரியனைத் தொலைநோக்கி வழியாகவோ இருகண் நோக்கி வழியாகவோ ஒருபோதும் பார்க்கலாகாது. கண நேரத்தில் பார்வை பறிபோகும். கண்ணருகு வில்லையில் பொருத்துமாறு கறுப்புக் கண்ணாடி கொடுத்தால் அதை எறிந்துவிடுங்கள்; வெப்பத்தால் அது வெடிக்கக்கூடும். பிள்ளைகள் பகலில் கருவியைத் தனியே எடுக்காதவாறு பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டின் ஈரக்காற்றில் வில்லைகளில் பூஞ்சணம் படரும். கருவியை மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். சட்டைத் துணியால் வில்லையைத் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

ஒரு வீட்டார்க்கு இயலாததைப் பல வீட்டார் கூடிச் செய்யலாம். தரமான கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கித் திடலில் நிறுத்தினால், தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் காண்பர். விளக்கொளியில் மூழ்கிய பட்டணத்துப் பிள்ளைக்கு வாய்க்காத இருண்ட வானம் நம் தோட்டப்புறத்தில் உண்டு. அச்செல்வத்தைப் பயன்படுத்தி அறிவில் உயர்வீர்களாக!