கறுத்த வானமும் ஆரஞ்சுக் கண்ணாடியும்

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆகாயம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடுவதற்குக் காரணம், நம் கண்ணுக்கு ஆழ்ந்ததாகத் தோன்றும் நீலத்தை பிலிம் அளவுக்கு மிஞ்சி ஏற்றுக்கொள்வதே; ஆகையால் அந்த நீல ஒளியை லென்ஸின் வாயிலிலேயே தடுத்துவிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர்களுள் ஒன்றை மாட்டினால், வானம் படிப்படியாகக் கறுத்து, மேகங்கள் அதன்மேல் ஜ்வலிக்கின்றன. அமெரிக்காவின் யோசெமிட்டியில் 1927ஆம் ஆண்டு ‘ஹாஃப் டோம்’ பாறையை எடுத்த அன்சல் ஆடம்ஸ், மஞ்சள் ஃபில்டர் அதன் கம்பீரத்துக்குப் போதாது என்று உணர்ந்து, கையில் எஞ்சியிருந்த கடைசி பிளேட்டை ஆழ்ந்த சிவப்பு ஃபில்டரோடு எடுத்து, பகல் வானத்தை இரவுபோல் ஆக்கினார்.

அந்தப் படத்தை நான் வணங்குகிறேன். எனினும் நம் கோயில்களுக்குச் சிவப்பு உகந்ததன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். தஞ்சைப் பெரிய கோயிலில், தை மாதத்துக் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து விழும் வேளையில், தெற்குப் பிராகாரத்தில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்த்தால், சூரியனுக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்த வானப்பகுதி அதன் பின்னே வருகிறது. நீலம் மிக ஆழ்ந்திருப்பது அங்கேதான். ஆரஞ்சு ஃபில்டர் அந்நீலத்தைக் கறுக்கச் செய்வதோடு, செம்மை கலந்த கல்லையும் சற்றே வெளுக்கச் செய்வதால், விமானம் வானத்தினின்று தனித்து எழுகிறது. சிவப்பை மாட்டினாலோ, கோஷ்டங்கள் எனப்படும் சுவர் மாடங்களின் நிழலுக்குள் எட்டுகிற ஒளியில் பெரும்பகுதி வானத்தின் நீலமே ஆகையால், அதுவும் தடுக்கப்பட்டு, உள்ளே நிற்கும் மூர்த்திகளின் முகமே இருளில் அழிந்துபோகிறது. வானத்தின் நாடகத்துக்காகச் சிற்பியின் உளியைப் பலியிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எக்ஸ்போஷரைப் பொறுத்தவரை, ஃபில்டர் தடுக்கும் ஒளியை ஈடுகட்ட, மஞ்சளுக்கு 1 ஸ்டாப், ஆரஞ்சுக்கு 2, சிவப்புக்கு 3 என்பது பொதுக்கணக்கு. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் சிவப்பொளியில் பிறழக்கூடுமாதலால், ஃபில்டர் இன்றி அளந்து, பிறகு இந்த ஸ்டாப்களைக் கூட்டிக்கொள்வதே என் வழக்கம். பிலிம் எல்லா நிறங்களையும் உணரும் பாங்க்ரோமாடிக்காக இருக்க வேண்டும். சிவப்பை உணராத ஆர்த்தோ பிலிமில் சிவப்பு ஃபில்டருக்கு வேலையில்லை. அடிவானத்தருகே புகையும் தூசியும் கலந்த வெளிறிய வானமோ, மூட்டம் போட்ட வானமோ எந்த ஃபில்டருக்கும் இணங்குவதில்லை. அத்தகைய நாட்களில் நான் ஆகாயத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்த மென்மையான வெளிச்சத்தில் கோஷ்டச் சிற்பங்களையே எடுக்கிறேன்.