கிரைண்டரைத் தூக்கிப் போடாதீர்கள்



அம்மாவின் 5 லிட்டர் கிரைண்டரில் உளுந்து போட்டதும் ஓட்டம் நின்றுவிடுகிறது, ரப்பர் கருகும் வாடை வருகிறது, அரைத்து முடிக்க முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கச் சொல்கிறார்களாம். அவசரப்பட வேண்டாம்.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் பெல்ட்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் கழற்றி, கோட்டாறு பக்கம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். கடையில் அதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்துப் புது பெல்ட் தருவார்கள். மோட்டார் முனகுகிறதே தவிர சுற்றவில்லை என்றால் கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே சின்னச் செலவு.

நேரம் கூடுவது கல்லின் குறை. குழவியைத் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டுக் குழவி ஒரு சமயம் ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி வழுக்கியது. உளுந்து அரைபடாமல் சுற்றிச் சுற்றி வந்து மாவு சூடேறியது. தோசை கல்லில் ஒட்டியது. அம்மி கொத்துகிறவர் குரல் இப்போது தெருவில் அபூர்வம். ஆனால் நமக்கு மயிலாடி இருக்கிறது. சாமி சிலை செதுக்கும் ஊரில் குழவி கொத்த ஆள் கிடைக்காமல் போகாது. குழவியை எடுத்துப் போகலாம். உரலைக் கொத்த அவரைத்தான் வீட்டுக்கு அழைக்க வேண்டும். கொத்தியபின் முதல் இரண்டு தடவை கொஞ்சம் பச்சரிசியை அரைத்துக் கீழே கொட்டிவிடுங்கள், கல்பொடி போகட்டும். பிறகு உளுந்து. ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்.

கல்லைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. கையால் ஆட்டிய உரலில் குழவி சுற்றியது. 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் அதற்கு மோட்டார் பூட்டியபின் உரல் சுற்றத் தொடங்கியது. கல்லும் மெதுவான ஓட்டமும் மட்டும் மாறவில்லை. மாவு சூடேறாமல் பொங்கி வருவது அந்த இரண்டாலும்தான்.

உரலில் விரிசல் விட்டிருந்தால் கிரைண்டரையே மாற்றிவிடுங்கள். குழவியைத் தூக்கி எடுக்கும் பழைய மாடலாக இருந்து அம்மாவுக்கு இடுப்புவலியும் இருந்தாலும் மாற்றுவதே நல்லது. தொட்டால் சுர்ரென்று ஷாக் அடித்தால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை பிளக்கை மாட்டவே கூடாது. கடலோர வீடு என்றீர்களே, ஸ்டாண்டின் துருவையும் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

கல் கொத்தியதும் மாவு மிதந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.