கிராம சபையில் அலுவலரின் உரை

அரசு அலுவலருக்குப் பேச்சுத்திறன் ஓர் அணிகலன் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. கோப்பில் தெளிவாகக் குறிப்பெழுதத் தெரிந்தவர் திறமையான அலுவலராக மதிக்கப்பட்டார். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. ஊரின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் கிராம சபையின் உறுப்பினராயினர். 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்துகள் விரிவாக்கச் சட்டம், பழங்குடியினர் வாழும் அட்டவணைப் பகுதிகளில் வளர்ச்சித் திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் பொறுப்பையும், நிதி முறையாகச் செலவிடப்பட்டதெனச் சான்றளிக்கும் பொறுப்பையும் கிராம சபைக்கு வழங்கியது. ஒப்புதல் தருபவர் செய்தியைப் புரிந்துகொண்டிருத்தல் வேண்டுமன்றோ? புரியாத உரையின் முடிவில் உயர்த்தப்படும் கைகளை ஒப்புதலெனக் கொள்வதற்கில்லை. ஆகவே, தெளிவாகப் பேசுதல் இன்று அலுவலரின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

கோப்பும் சபையும்

கோப்பில் முதலில் பின்னணியும், அடுத்து விதிகளும், அதன்பின் நிதி நிலையும், இறுதியாகப் பரிந்துரையும் இடம்பெறும். படிப்பவர் ஐயம் எழுந்தால் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அரசாணை எண்ணையும் நாளையும் முதலில் அடுக்கும் அலுவலர், செய்திக்கு வருமுன்பே சபையின் கவனத்தை இழந்துவிடுகிறார். எனவே வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நலம். சபை இன்று எதனை முடிவு செய்ய வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறிவிட வேண்டும். அதனால் ஊருக்கு வரும் பயனும் ஏற்படும் செலவும் அடுத்து வரவேண்டும். விதிகளைக் கேட்போருக்கு விளக்கினால் போதுமானது.

எண்களை வீட்டுக் கணக்காக்குதல்

வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோரின் உரை பெரும்பாலும் இடறி விழுவது புள்ளிவிவரங்களில்தான். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஊரக வீடுகளுக்குக் குழாய் வழியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வழங்குவதை இலக்காகக் கொண்டது. ஊருக்குள் அமையும் பணிகளின் மூலதனச் செலவில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஊர்மக்கள் அளிக்க வேண்டும் என அதன் வழிகாட்டுநெறிகள் வகுத்தன. மலைப்பகுதிகளுக்கும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பெரும்பான்மையாக வாழும் ஊர்களுக்கும் இப்பங்கு 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

240 வீடுகளும் 1,200 மக்களும் உள்ள ஓர் ஊரில், 40 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தயாராகியுள்ளது எனக் கொள்வோம். பொறியாளர் சபையில், "நாளொன்றுக்கு 66,000 லிட்டர் வழங்கல், மக்கள் பங்கு 10 விழுக்காடு" என்று அறிவிக்கிறார். கூற்றில் பிழையேதும் இல்லை. ஆயினும், கேட்பவர் தம் வீட்டுக்கு வருவது என்ன, தம் கையிலிருந்து போவது என்ன என்பதை அறிய முடிவதில்லை. அவரே பின்வருமாறு கூறியிருக்கலாம்: "ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 275 லிட்டர் கிடைக்கும். 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் அது ஏறத்தாழ 18 குடம். ஊரின் பங்கு 4 லட்சம் ரூபாய். எல்லா வீடுகளும் சமமாகப் பகிர்ந்தால் வீட்டுக்குச் சுமார் 1,670 ரூபாய் ஆகும். அதனை உழைப்பாகவும் தரலாம்." இதைக் கேட்ட உடனே, நிலமற்ற கூலித் தொழிலாளியும் பண்ணை உரிமையாளரும் ஒரே தொகை தருவதா என்னும் கேள்வி எழக்கூடும். அவ்வாறு எழுமாயின் உரை தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.

குறையையும் கூறுதல்

நன்மைகளை மட்டும் அடுக்கும் உரை அன்றைக்குக் கைதட்டல் பெறலாம். மறு ஆண்டு அதே அலுவலர் அச்சபையில் நிற்பது கடினம். மின்மோட்டாருக்கான மின்கட்டணம், மோட்டாரை இயக்குபவருக்கான ஊதியம், பழுதுபார்க்கும் செலவு ஆகியவை மாதந்தோறும் தொடர்பவை. கோடையில் நிலத்தடி நீர் இறங்கினால் வழங்கல் குறையக்கூடும். இவற்றை மறைத்துப் பெறும் ஒப்புதலால் தொட்டி கட்டப்படலாம். கட்டணம் செலுத்துவோர் இன்றி அது பாழடையவும் கூடும். மூலதனச் செலவைப் போலவே நடைமுறைச் செலவையும் முன்கூட்டியே அறிவித்தல் நாணயமான உரையின் இலக்கணம்.

காட்சியும் வினாக்களும்

பட்டப்பகலில் மரத்தடியில் கூடும் சபையில் திரையில் காட்டும் படங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து நம் நாட்டில் பரவிய மக்கள் பங்கேற்பு மதிப்பீட்டு முறையில், ஊர்மக்களே கோலப்பொடியால் தரையில் ஊரின் வரைபடத்தை வரைந்தனர். குழாய் செல்லும் பாதையை அத்தகைய படத்தின் மீது காட்டினால், விடுபட்ட தெருவை அத்தெருவினரே சுட்டிக்காட்டுவர்.

உரைக்குப் பத்து மணித்துளிகள் போதும். எஞ்சிய நேரம் வினாக்களுக்கு உரியது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களைத் தனியே வினவுதல் வேண்டும். தண்ணீர் சுமப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. விடை தெரியாத வினாவுக்கு, "இன்ன நாளுக்குள் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறி அதனைத் தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்யலாம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச நேர்ந்தால், ஒரு கருத்துக்கு ஒரு வாக்கியம் என நிறுத்திப் பேசுவது இன்றியமையாதது.

இதற்கான பயிற்சிக்குப் பெருஞ்செலவு ஏதும் தேவையில்லை. புறப்படுமுன் அலுவலக உதவியாளரையோ வாகன ஓட்டுநரையோ அமரச் செய்து, உரையைச் சொல்லிக்காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்கலாம். அவர் திருப்பிச் சொல்வதே சபையிலும் எஞ்சி நிற்கும். அதில் தொகை தவறினாலோ நிபந்தனை விடுபட்டாலோ, திருத்த வேண்டியது நம் உரையையே. மக்களின் பணத்தைக் கொண்டும் அவர்தம் உழைப்பைக் கொண்டும் நிறைவேறும் திட்டத்தை, அவர்களே கணக்கிட்டுச் சரிபார்க்கும் வண்ணம் எடுத்துரைப்பது நிர்வாகம் அவர்களுக்குச் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதையாகும்.