பேன் திரும்பத் திரும்ப வருகிறதா? நாள்காட்டியைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். இருவருக்கும் இடுப்புவரை முடி, பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல். ஒரு வருஷம் ஆடி மாதம் பிடித்த பேன், தீபாவளி வரைக்கும் விடவில்லை. மருந்தை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், சீப்பை மாற்றினேன். தவறு மருந்தில் இல்லை, நான் நாள் பார்க்காமல் போட்டதில்தான் என்று பிறகுதான் புரிந்தது. அப்போது கற்றுக்கொண்டவை இவை.

1. முதலில் பேன்தானா என்று பாருங்கள். பொடுகு தட்டினால் உதிரும். ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தாலும் லேசில் வராது. காய்ந்த தலையில் விரலால் விலக்கிப் பார்த்தால் பேன் ஓடி ஒளிந்துகொள்ளும். தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவி, பேன் சீப்பால் வாரி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் கிடைக்கும். ஊர்கிற பேன் ஒன்று கண்ணில் பட்டாலும் வைத்தியம் தேவை.

2. ஈரைக் கண்டதும் பதற வேண்டாம். பேன் மண்டையை ஒட்டித்தான் ஈர் வைக்கும், கால் அங்குலத்துக்குள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது என்றைக்கோ பொரித்துப்போன வெறும் கூடு. அதைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி மருந்து போட்டவள் நான்.

3. சொறியாதவர்கள் தலையையும் பாருங்கள். முதல்முறை பேன் பிடிப்பவர்களுக்கு அரிப்பு தொடங்க நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் பேன் பக்கத்தில் படுப்பவர் தலைக்குப் போயிருக்கும். எங்கள் மாமியார், "எனக்கு ஒண்ணும் அரிக்கலம்மா, பிள்ளைங்களைப் பாரு" என்பார். நரைமுடியில் ஈர் இருப்பது எங்களுக்கும் தெரியவில்லை. சின்னவள் தினமும் பாட்டியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் தலையை ஈரத்தோடு வாரியபோதுதான், நாங்கள் விரட்டியதெல்லாம் எங்கே போய்த் திரும்பி வந்தது என்று தெரிந்தது. அப்பா, தாத்தா, வீட்டோடு இருக்கும் சித்தி, எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். பேன் இருப்பவர்கள் எல்லோருக்கும் அன்றே வைத்தியம் நடக்கட்டும்.

4. நாள் கணக்குதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஈர் பொரிக்க ஆறு முதல் ஒன்பது நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானே ஈர் வைக்க இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். ஒரு பெண் பேன் சுமார் ஒரு மாதம் உயிரோடிருக்கும், நாளைக்கு ஏழெட்டு ஈர் வைக்கும். பல மருந்துகள் ஊர்கிற பேனைக் கொல்லுமே தவிர எல்லா ஈரையும் கொல்வதில்லை. அதனால் மருந்து போட்ட மறுநாள் தலை சுத்தமாகத் தெரியும், பத்து நாளில் பழையபடி அரிக்கும். அந்த மருந்துக்குத் தப்பிய ஈர் பொரித்திருக்க வேண்டும், பொரித்தது ஈர் வைக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் இரண்டாம் முறை போட வேண்டும். மருந்து போட்ட நாளை விட்டு எண்ணி, ஒன்பதாம் நாள் அதற்குப் பொருத்தம். ஞாயிற்றுக்கிழமை போட்டால், அடுத்த ஞாயிறு தாண்டி வரும் செவ்வாய். மாத நாள்காட்டியில் இரண்டு தேதியையும் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள். நான் கோபத்தில் மூன்றாம் நாளே மறுபடி போடுவேன், ஒன்பதாம் நாள் மறந்துபோவேன். மாதக்கணக்கில் இழுத்ததற்கு அதுவே காரணம்.

5. மருந்துக் கடையில் பெர்மெத்ரின் 1% லோஷன் கேளுங்கள். 5% க்ரீம் சிரங்குக்கானது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். சாதாரண ஷாம்பு போட்டுத் தலையை அலசி, துண்டால் ஒற்றி, ஈரம் லேசாக இருக்கும்போது வேரிலிருந்து நுனிவரை தடவி, பத்து நிமிஷம் கழித்து அலச வேண்டும். எண்ணெய்த் தலையிலோ கண்டிஷனர் போட்ட தலையிலோ மருந்து சரியாகப் பிடிக்காது. உடம்பில் வழியாதபடி தலையைக் குனியவைத்து அலசுங்கள், கண்ணை ஒரு துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஒன்றிரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் போடாதீர்கள். சொன்னபடி இரண்டு முறை போட்டும் உயிருள்ள பேன் ஊர்ந்தால், அளவைக் கூட்டாமல் டாக்டரிடம் போங்கள். சில இடங்களில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. வேறு மருந்துகள் இருக்கின்றன.

6. மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குச் சீப்பு போதும், ஆனால் பொறுமை வேண்டும். 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, சிக்கெடுத்து, முடியைச் சின்னச் சின்னப் பாகமாகப் பிரித்து, மண்டையில் சீப்பு படும்படி வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துணியில் துடையுங்கள். பல் நெருக்கமான உலோகச் சீப்பு நல்லது. நீளமுடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். பிள்ளைக்கு மடியில் ஒரு கதைப்புத்தகம் கொடுத்து உட்காரவையுங்கள். 17ஆம் நாள் ஒருமுறை வாரிப் பாருங்கள்.

7. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தீப்பிடிக்கும், தோலைப் புண்ணாக்கும். கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, எறும்புக்குப் போடும் சாக்பீஸ், வயலுக்கு அடிக்கும் மருந்து எதுவும் பிள்ளைகள் தலைக்கு ஆகாது. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த விழுது ஒரு துளி கண்ணில் பட்டாலும் கருவிழி புண்ணாகிவிடும். தெரியாமல் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் ஓடுங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தேய்ப்பதும் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரக்கூடும்.

8. தினமும் தலைக்குக் குளித்தால் பேன் போகாது. தண்ணீருக்குள் மணிக்கணக்கில் முடியைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும்.

9. வீட்டை ஒழித்துப்போட்டு மருந்தடிக்கத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, போர்வை, ரிப்பன் ஆகியவற்றை மட்டும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். சீப்புகளைக் கை பொறுக்காத வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டுவையுங்கள். துவைக்க முடியாத பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். நாய், பூனைகளிடமிருந்து இந்தப் பேன் வராது.

10. மொட்டை போட வேண்டாம். வேண்டுதல் வேறு விஷயம். பேனுக்காகப் பத்து வயதுப் பெண்ணின் தலையை மழிப்பது அவளுக்குத் தண்டனை. சீப்பும் நாள் கணக்கும் செய்கிற வேலைக்கு அந்தப் பிள்ளை அழ வேண்டியதில்லை.

11. சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, பிடரியில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தலைப் பேன் நோயைப் பரப்புவதில்லை; அழுக்கு நகம் பட்ட புண்ணில்தான் கிருமி சேர்கிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

12. அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். அழுக்குத் தலை, சுத்தமான தலை என்று அது பார்ப்பதில்லை. அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்னவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் போன் செய்தேன். "எங்க வீட்லயும்தாங்க, சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டிலும் சேர்த்து ஏழு தலைக்கு மருந்து போட்டோம், ஒன்பதாம் நாள் மறுபடியும். கார்த்திகை தீபத்துக்குப் பிள்ளைகள் இருவரும் சொறியாமல் அகல் ஏற்றினார்கள்.