கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுகிறதா?

ஐப்பசி மழை இறங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களை ஓட்டக் குழுக்கடன் வாங்கி, உப்பு வாரத் தொடங்கியதும் அடைத்துவிடுபவர்கள் இதைக் கவனியுங்கள். அடைத்த கடன், உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் பாக்கியாகவே நின்றால் அடுத்த கடனுக்குத் தடை வரும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். குழுக்கடன்காரர்கள் சிபிலோடு நிறுத்தாமல் கிரிஃப் ஹைமார்க்கையும் பாருங்கள்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பெயர். நம் இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னே, இன்னொன்றில் பின்னே இருக்கும். அந்தக் குழப்பத்தில் அதே பெயருள்ள வேறொருவர் கடன் உங்கள் கணக்கில் ஏறலாம். பான் எண், பிறந்த தேதி, முகவரியை ஒப்பிடுங்கள். அடுத்து கடன் நிலை. முழுதும் கட்டியிருந்தால் 'க்ளோஸ்டு' என்றிருக்க வேண்டும். 'செட்டில்டு' என்றால் குறைத்துப் பேசி முடித்ததாக அர்த்தம். அது உங்கள் கடன் மதிப்பெண்ணைக் கெடுக்கும்.

தவறிருந்தால் அறிக்கை தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். நோ டியூ சான்றிதழையும் கடைசித் தவணை ரசீதையும் இணையுங்கள். கடன் தந்தவரிடமும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால், பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் 26 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. தயங்காமல் கேளுங்கள். அப்படியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஒம்புட்ஸ்மேன்) கட்டணமின்றி முறையிடலாம், விவரத்துக்கு 14448 எண்ணை அழையுங்கள்.

காசு கொடுத்தால் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகச் சொல்பவரிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள்.