பக்கத்துக் கடைக்காரர் நம் தொழிலைத் தூற்றும்போது என்ன செய்வது?

  

நம் ஈரோட்டில் சொந்தக் காலில் நின்று சிறுதொழில் செய்பவர்கள் ஏராளம். அவர்களில் சலூன் வைத்திருக்கும் ஒரு சகோதரரின் நிலையை இன்று எண்ணிப் பார்ப்போம். இரண்டு நாற்காலி, ஒரு உதவியாளர், மாத வாடகை, மகளுடைய பள்ளிக் கட்டணம். பத்தடி தள்ளிப் புதிதாக ஒரு கடை வருகிறது. ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், "ஏனுங்க பாய், உங்க கடைல ஒரே பிளேடுதான் எல்லாருக்கும் போடறீங்கன்னு அந்தக் கடைல சொல்றாங்களே, நெசமாங்க?" என்று கேட்கிறார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பாதியாகக் குறைகிறது.

வயிற்றில் அடிக்கும் பேச்சு அது. கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது.

முதலாவது: விசாரித்து அறியுங்கள்

செய்தி கொண்டு வருபவர் சொன்னதை ஆராயாமல் நடவடிக்கையில் இறங்கிப் பிறகு வருந்தாதீர்கள் என்று அல்லாஹ் நமக்குக் கற்றுத் தருகிறான் (49:6). சொன்னது கடை உரிமையாளரா, அங்கே வேலை செய்யும் பையனா, அல்லது காத்திருந்த யாரோ ஒருவரா? ஒருவர் சொன்னது நான்கு பேர் வாய் மாறி வரும்போது உருவமே மாறிவிடும். கோள் சொல்பவர் இரண்டு கடைக்கும் நடுவில் நின்று குளிர் காய்கிறார் என்றால், நாம் எரிய வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது: குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறதா என்று பாருங்கள்

புறம் என்றால் என்ன என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஒருவர் வெறுப்பதை அவர் இல்லாத இடத்தில் பேசுவது புறம். அது அவரிடம் இல்லாத குறையாக இருந்தால் அவதூறு (முஸ்லிம்). ஆக, எதிரி பேசுவது உண்மையாக இருந்தாலும் அவர் குற்றவாளிதான். ஆனால் அது உண்மையாக இருந்தால் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க் கிருமி இரத்தத்தின் வழியே பரவுவது. உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் போதும். பிளேடை மாற்றுகிறோம், சரி. ஒரே படிகாரக் கல்லை எல்லார் கன்னத்திலும் தேய்க்கிறோமா? ஒரே துண்டை நான்கு பேருக்குப் போர்த்துகிறோமா? தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள் (முஸ்லிம்). பிறர் நம்மைத் தூற்றுகிறார் என்பதால் நம் குவியலின் ஈரம் காய்ந்துவிடாது.

மூன்றாவது: வாயால் அல்ல, கையால் பதில் சொல்லுங்கள்

நம் ஊர் மஞ்சள் மண்டியில் வியாபாரி விரலி மஞ்சளை உடைத்து உள்நிறத்தைப் பார்த்துத்தான் விலை கேட்பார். யார் என்ன பேசினாலும் உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சலூனிலும் அப்படித்தான். வாடிக்கையாளர் உட்கார்ந்த பிறகு, அவர் கண் முன்னால் புது பிளேடைப் பிரியுங்கள். பழையதை மூடியுள்ள பெட்டியில் போடுங்கள். கத்தரி, சீப்பைக் கிருமிநாசினியில் போட்டு எடுப்பது அவருக்குத் தெரியட்டும். கேட்பவரிடம், "இல்லீங்க, நீங்களே பாருங்க" என்ற ஒரு வார்த்தை போதும். "அவன் கடைல மட்டும் என்ன வாழுது?" என்று ஆரம்பித்தால், அதே சேற்றில் நாமும் இறங்கிவிட்டோம். உதவியாளரிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். அந்தக் கடையைப் பற்றிப் பொய்யான கூகுள் விமர்சனம் எழுதச் சொல்வதும், நமக்கு நாமே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதும் பொய்ச்சாட்சியின் வகைதான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவற வைக்கக் கூடாது என்பது இறைக் கட்டளை (5:8). போட்டியாளர் முஸ்லிமாக இருந்தாலும் பிறமதச் சகோதரராக இருந்தாலும் இதில் வேறுபாடு இல்லை.

நான்காவது: நேரில் பேசுங்கள்

நன்மையும் தீமையும் சமமாகா. தீமையைச் சிறந்ததைக் கொண்டு தடுத்தால் பகைவரும் நெருங்கிய நண்பரைப் போல ஆகிவிடக்கூடும் என்று அல்லாஹ் வழிகாட்டுகிறான் (41:34). கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளர்கள் இல்லாத நேரத்தில், இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். "அண்ணே, இப்படி ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சுங்க. நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். எங்க கடைல குறை ஏதும் பார்த்தீங்கன்னா என்கிட்டயே சொல்லுங்க" என்று பேசுங்கள். அவர் தலை குனியாமல் பின்வாங்குவதற்கு ஒரு வழி விடுங்கள்.

ஐந்தாவது: அப்படியும் நிற்கவில்லை என்றால்

பொறுமை என்பது கையாலாகாமல் இருப்பது அல்ல. அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதற்கு அல்லாஹ் அனுமதி அளித்திருக்கிறான் (4:148). தொழிலாளர் சங்கத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி, அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சமூக சேவையும் தண்டனையாக வரலாம். இதற்குப் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். கேட்டவர் யார், எந்த நாள் என்று குறித்து வைப்பது அப்போது உதவும்.

உஜாலா விளம்பரம் ஒன்றில் தன் பொருள் மட்டமாகக் காட்டப்பட்டதாக ராபின் புளூ நிறுவனம் தொடுத்த வழக்கில், 1999-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஓர் எல்லையை வகுத்தது. தன் சரக்குதான் சிறந்தது என்று வியாபாரி சொல்லிக்கொள்ளலாம், ஒப்பிட்டும் பேசலாம். ஆனால் அடுத்தவர் சரக்கு கெட்டது என்று தூற்றக் கூடாது. மார்க்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன் சரக்கைப் பற்றியும் பொய் சொல்லக் கூடாது. பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை அழித்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (புகாரி).

கடைசியாக: மன்னிப்பு

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டபோது, அதைப் பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் இருந்தார். அவர் ஏழை, அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், அவர்கள் கொடுத்த உதவியில் வாழ்ந்தவர். மகளின் மானத்தில் கை வைத்தவருக்கு இனி எதுவும் கொடுக்க மாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா என்ற கருத்தில் வசனம் இறங்கியது (24:22). உடனே உதவியை மீண்டும் தொடங்கினார்கள். அதற்கு முன் ஆயிஷா (ரலி) அவர்களின் தூய்மையை அல்லாஹ்வே அறிவித்திருந்தான். உண்மை நிலைநாட்டப்பட்டது, மன்னிப்பும் வந்தது. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

சகோதரர்களே! தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு வந்தும், பிறரைத் திட்டியதாலும் அவதூறு சொன்னதாலும் நன்மைகளை எல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவரே உண்மையில் திவாலானவர் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (முஸ்லிம்). அவர் பேச்சால் ஞாயிற்றுக்கிழமை வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். பதிலுக்கு நாமும் தூற்றினால் மறுமையின் மொத்த முதலும் போய்விடும்.

வாடிக்கையாளர் வருவதும் போவதும் ரிஸ்க் அளிப்பவனின் கையில். பிளேடை மாற்றுவதும் நாவை அடக்குவதும் நம் கையில். நம் தொழிலில் நேர்மையையும், நாவில் பேணுதலையும், உள்ளத்தில் மன்னிக்கும் குணத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.