ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி

"தாத்தா, உங்க ரிலே ரூம் மாதிரியே இருக்கு பாருங்க" என்று பேரன் ஒரு படத்தைக் காட்டினான். சட்டம் நிறையக் குமிழ்கள், துளைகள், துளைக்குத் துளை தொங்கும் ஒயர்கள். அனலாக் சிந்தசைசராம். அதற்கு ஒரு மாட்யூல் வாங்க 18,000 ரூபாய் வேண்டும் என்பதுதான் விஷயம். பென்ஷன்காரனிடம் கேட்கிற தொகையா இது? ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் சிக்னல் பிரிவில் குடித்தனம் நடத்தியவனை அந்தப் படம் விடவில்லை. சங்கத்துப் பிள்ளைகள் வேறு சிலரும் இதில் இறங்கியிருப்பதாகக் கேள்வி. அதனால் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நம் அகமதாபாத்துக்கு இது புதிதல்ல. பால்டியிலுள்ள என்.ஐ.டி.யில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்தார். அதில் கீதா சாராபாய் போன்றோர் செய்த பதிவுகளின் தொகுப்பு 2023-இல் வெளிவந்தது. அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போன எனக்கு இது தெரியாது!

தத்துவம் எளிது. கடையில் கிடைக்கும் கீபோர்டில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம். இங்கே வேலைக்கு ஒரு மாட்யூல். ஆஸிலேட்டர் ஒலியை எழுப்பும், ஃபில்டர் அதைச் செதுக்கும், ஆம்ப்ளிஃபையர் கூட்டிக் குறைக்கும். இவற்றை ஆட்டுவிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயியில் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள், ஆக ஒன்றுக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். எங்கள் 24 வோல்ட் ரிலேயில் ஒரு வோல்ட் முன்னே பின்னே இருந்தாலும் சிக்னல் விழும். இங்கே 10 மில்லிவோல்ட் பிசகினாலே காதில் உறுத்தும். டிரான்ஸிஸ்டர் சூடேறினாலும் சுருதி நகரும். நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆகவே ஆஸிலேட்டர் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, வெப்ப மாற்றத்துக்கு என்ன ஏற்பாடு என்பதைத்தான்.

இவற்றைச் செய்கிறவர்களில் பலர் ஒருவர் இருவராக உட்கார்ந்து, சில டஜன் பலகைகளை ஒரு தடவைக்குச் செய்து விற்பவர்கள். பணம் கட்டியபின் காத்திருக்கத்தான் வேண்டும். அதில் ஒரு லாபமும் உண்டு. நம் கேள்விக்குச் செய்தவரே பதில் எழுதுவார். கூச்சப்படாமல் கேளுங்கள். சர்க்யூட் படம் தருவாரா? பின்புற ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? பிளஸ் 12 வோல்ட்டில் எத்தனை மில்லிஆம்பியர், மைனஸ் 12-இல் எத்தனை? இரண்டையும் தனித்தனியே கூட்டி, பவர் சப்ளையின் திறனில் முக்கால் பங்குக்குள் நிறுத்துவது என் வழக்கம். யூரோராக் முறையில் பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலத்தை 5.08 மில்லிமீட்டர் கொண்ட ஹெச்.பி. என்ற அலகால் அளப்பார்கள். 84 ஹெச்.பி. சட்டம் ஏறக்குறைய 427 மில்லிமீட்டர். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது குற்றம், பார்சல் தொலைந்தாலும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் ஈடு கேட்க முடியும்.

கேட்க மறந்த ஒரு கேள்வி எனக்குச் சூடு போட்டது. தலைகீழாகச் செருகினால் காப்பு உண்டா? ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் வர வேண்டும். எங்கள் மாட்யூலின் கனெக்டருக்குச் சுற்றுச் சுவர் இல்லை, எப்படியும் நுழையும். பேரன் "சரியாங்க தாத்தா?" என்று கேட்டான். கண்ணாடி போடாமலே "சரி" என்றேன். சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை. பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் வலித்தது. தவறு என்னுடையது என்று செய்தவருக்கு எழுதினோம். மறுநாளே படம் அனுப்பி, பார்க்க வேண்டிய இரண்டு ஐ.சி.களையும் குறித்திருந்தார். இரண்டும் டி.எல். 074, ரிலீஃப் ரோடில் சாதாரணமாகக் கிடைப்பது. பழையதை எடுத்துப் புதியதைப் பேரனே பற்றவைத்தான், நான் டார்ச் பிடித்தேன்.

இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தேன். மீட்டரில் ஒரு வோல்ட் ஏற்றினோம், சுருதி மேல் ஷட்ஜத்தில் போய் நின்றது. என் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, மிக்ஸி ரிப்பேரா?" என்றாள்.